துணி கறுத்துவிட்டது, சரி. கிராஃபீன் வளர்ந்ததா?

கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலம். அதைக் கண்ணாடி இழைத் துணியில் வளர்க்க, துணியை உலையில் சூடாக்கி மீத்தேன் வாயுவை ஓடவிடுவோம். உலைக்குள் வெள்ளையாகப் போன துணி கன்னங்கரேலென்று வெளியே வரும். முதல்முறை செய்பவருக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் கறுப்பு நிறம் கார்பன் படிந்ததற்கு மட்டும்தான் சாட்சி. வெறும் புகைக்கரியும் அதே கறுப்புதான். ஒற்றை அடுக்கு கிராஃபீன் உறிஞ்சுவது ஒளியில் வெறும் 2.3 விழுக்காடு. துணியிலோ ஒளி எண்ணற்ற இழைகளில் பட்டுச் சிதறுவதால் மெல்லிய பூச்சுகூடக் கருமையாகத் தெரியும். ஆக, நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

வெள்ளைத் தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தாளில் கறுப்பு ஒட்டினால் கரிதான். ஒட்டாவிட்டால் ராமன் நிறமாலை எடுங்கள், அதாவது லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பிரித்துப் பாருங்கள். அந்த வரைபடத்தில் 2700 செ.மீ⁻¹ பக்கம் கிராஃபீனுக்குரிய 2டி முகடு தெளிவாக நிற்க வேண்டும். 1350 பக்கம், படிகக் குறைகளைக் காட்டும் டி முகடும் இருக்கும். கண்ணாடியில் நேரடியாக வளர்த்தால் படிகங்கள் பொடிப்பொடியாகவே வரும் என்பதால் அதற்குப் பதற வேண்டாம். டி முகடும், கரியிலும் வரும் ஜி என்ற முகடும் அகலமாகப் பரந்து, 2டி காணாமலே போனால்தான் கவலை.

கரி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அவசரத்திலிருந்து. தாமிரத் தகட்டில் வளர்த்துப் பழகியவர்கள் அதே செய்முறையைத் துணிக்கும் கொண்டுவருகிறார்கள். தாமிரம் ஒரு வினையூக்கி, மீத்தேனை அதுவே உடைத்துக் கொடுக்கும். கண்ணாடிக்கு அந்த வேலை தெரியாது. அதனால் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடும், சில மணி நேரப் பொறுமையும் தேவை. பொறுமை இல்லாமல் மீத்தேனைக் கூட்டினால், அது இழையில் வளர்வதற்குப் பதில் வாயுவெளியிலேயே உடைந்து, கரியாகித் துணிமேல் கொட்டும்.

அந்தச் சூட்டைத் துணி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈ-கிளாஸ் என்ற கண்ணாடி இழை சுமார் 840 டிகிரியிலேயே இளகிவிடும். துணியாக உள்ளே போய், ஒட்டிய தகடாக வெளியே வரும். ஏறக்குறைய முழுக்கச் சிலிக்காவாலான குவார்ட்ஸ் கண்ணாடி இழைதான் சரி.

குவார்ட்ஸை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒருமுறை அவசரத்தில் துணியின் ஓரத்தைக் கையால் பிடித்து உலைக்குள் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் அந்த ஓரம் மட்டும் தொட்டதும் பொடிந்தது. வியர்வை உப்பிலுள்ள சோடியம் அந்தச் சூட்டில் கண்ணாடியைப் படிகமாக்கிவிடும்.

நெசவாலையில் இழைக்குப் பூசும் பசையையும் முதலில் காற்றில் சுட்டு எரித்துவிட வேண்டும். விட்டால் அதுவே கரியாகி இழையில் உட்கார்ந்துகொள்ளும். பசை போன துணி முறுமுறுவென்று இருக்கும், மடிக்கவே கூடாது.

நூலின் வெளிப்புறம் மட்டும் பூச்சு ஏறி உள்ளிழைகள் வெள்ளையாக நிற்பதும் அடிக்கடி நடக்கும். ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் வாயு உள்ளே நன்றாக ஊடுருவும்.

அப்புறம் குளிரவைப்பது. சூடு தணியுமுன் காற்றை உள்ளே விட்டால் வளர்ந்த கார்பன் எரிந்தே போகும். மீத்தேனும் அதனுடன் அனுப்பும் ஹைட்ரஜனும் உலைக் குழாயில் மிச்சமிருந்தால் வெடிக்கும் ஆபத்தும் உண்டு. 200 டிகிரிக்குக் கீழே வரும்வரை எதனுடனும் வினைபுரியாத ஆர்கான் வாயு ஓடட்டும்.

கிராஃபீன் ஏறிய துணியின் மின்தடையை ஒரே இடத்தில், ஒரே திசையில் அளந்து எழுதிவிடாதீர்கள். பாவும் ஊடும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) ஒரே மாதிரி கடத்துவதில்லை. நூல்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களிலும் தடை ஒளிந்திருக்கும். இரு திசையிலும் அளந்து, துணியைச் சற்று வளைத்து, மறுபடியும் அளந்து பாருங்கள்.