செஸ் நிரலில் எந்த நகர்வை ஆழமாகத் தேடுவது?

சொந்தமாக செஸ் எஞ்சின் எழுதத் தொடங்குகிறவர்கள், எல்லா நகர்வுகளையும் ஒரே ஆழத்துக்குத் தேடும் நிரலை எழுதி ஓடவிட்டு, அது எளிய பொறிகளில்கூட விழுவதைக் கண்டு திகைப்பது வழக்கம். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் என்று கொண்டால், ஆறு அரைநகர்வு (ஒருவர் ஒருமுறை காய் நகர்த்துவது ஓர் அரைநகர்வு) ஆழத்திலேயே 183 கோடிக்கு மேற்பட்ட கடைசி நிலைகள் வந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் சமமாகத் தேடுவதை 'ஏ' வகை என்றும், தேர்ந்தெடுத்துத் தேடுவதை 'பி' வகை என்றும் கணினி செஸ்ஸின் முன்னோடியான கிளாட் ஷானன் 1950-இல் வெளியான தம் கட்டுரையிலேயே பிரித்துக் காட்டினார். இன்றைய எஞ்சின்கள் பெரும்பாலான நகர்வுகளை மேலோட்டமாகப் பார்த்து, மிச்சமாகும் நேரத்தைச் சிலவற்றின்மீது செலவிடுகின்றன.

முதலில் தேடலின் அடிமட்டத்தைச் சரிசெய்யுங்கள். இன்னொரு சிப்பாயின் காவலில் நிற்கும் கறுப்புச் சிப்பாயை வெள்ளை ராணி வெட்டும் இடத்தில் ஆழம் தீர்ந்துவிட்டால், நிரல் ஒரு சிப்பாய் லாபம் என்று கணக்கெழுதிக்கொள்ளும். அடுத்த நகர்வில் ராணியே போகப்போவது அதற்குத் தெரியாது. ஆகவே, ஆழம் பூஜ்ஜியமானதும் வெட்டும் நகர்வுகளை மட்டும் நிலை அமைதியாகும்வரை தொடர்ந்து பார்க்க வேண்டும். ராஜா செக்கில் இல்லாதபோது, வெட்டாமல் நின்றுகொள்ளும் உரிமையையும் ஆடுபவருக்கு விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டமான வெட்டையும் செய்தே தீர வேண்டும் என்று நிரல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நகர்வுகளின் வரிசை. புதியவர்கள் அதிகம் அலட்சியப்படுத்தும் பகுதி இதுதான் என்பது என் எண்ணம். ஏற்கெனவே கண்டதைவிட மோசம் என்று உறுதியான கிளைகளை மேலும் தேடாமல் கைவிடும் ஆல்ஃபா-பீட்டா முறையில் ஒவ்வொரு நிலையிலும் சிறந்த நகர்வே முதலில் வந்துவிட்டால், மேலே சொன்ன 183 கோடி வெறும் 85,749 ஆகச் சுருங்கிவிடும். நடைமுறையில் அவ்வளவு துல்லியம் கிடைக்காது என்றாலும், ஏற்கெனவே தேடிய நிலைகளின் முடிவுகளைச் சேமித்துவைக்கும் ஹாஷ் அட்டவணையில் முந்தைய தேடல் விட்டுச்சென்ற நகர்வை முதலிலும், பெரிய காயைச் சிறிய காயால் வெட்டுவதை அடுத்தும், அதே ஆழத்தில் பக்கத்துக் கிளையில் தேடலை முடித்துவைத்த அமைதியான நகர்வை அதன்பின்னும் வைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

வரிசை நம்பத்தக்கதாக ஆனபின்தான் ஆழக் குறைப்பில், அதாவது வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளைக் குறைந்த ஆழத்துக்குத் தேடுவதில், கைவைக்கலாம். பரவலாகப் பயன்படும் சூத்திரம் ஒன்றில், மீதமுள்ள ஆழத்தின் இயல் மடக்கையையும் நகர்வின் வரிசை எண்ணின் இயல் மடக்கையையும் பெருக்கி, 2.25 ஆல் வகுத்து, 0.75 ஐக் கூட்டி, பின்னத்தை விட்டுவிடுவார்கள். ஆழம் 8 உள்ள நிலையில் மூன்றாவது நகர்வுக்கு 1, பன்னிரண்டாவதற்கு 3 என்று வரும். அதாவது, 8-இல் ஒன்று நகர்வுக்கே போக, முதல் நகர்வை 7 ஆழத்துக்குத் தேடும் நிரல் பன்னிரண்டாவதை 4 ஆழத்துக்கே தேடும். ஆனால் அந்தச் சிறு தேடலிலேயே, கையிலிருக்கும் சிறந்த மதிப்பைப் பன்னிரண்டாவது நகர்வு தாண்டிவிட்டால், அதை மறுபடி 7 ஆழத்துக்குத் தேட வேண்டும். இந்த மறுதேடலை எழுத மறந்தால் நல்ல தியாகங்கள் எல்லாம் கண்ணில் படாமலே போகும். வெட்டும் நகர்வுகளையும், சிப்பாய் ராணியாவதையும், செக்கிலிருந்து தப்பும் நகர்வுகளையும் தொடக்கத்தில் குறைக்காமல் விடுவதே நல்லது.

நீட்டிப்பு இதற்கு எதிர்த்திசையில் இயங்குகிறது. செக் வரும்போது ஓர் அரைநகர்வு கூடுதலாகத் தேடுவது பழைய வழக்கம். என் முதல் நிரலில் வரம்பே வைக்காமல் இதைச் சேர்த்தபோது, ராணி மாறிமாறிச் செக் கொடுத்த ஒரு நிலையில் தேடல் திரும்பி வரவே இல்லை. ஆகவே, வேரிலிருந்து, அதாவது தேடல் தொடங்கிய நிலையிலிருந்து, எத்தனை அரைநகர்வு தள்ளி வந்திருக்கிறோம் என்பதற்கு உச்சவரம்பு அவசியம். பின்னாளில் டீப் புளூ என்ற செஸ் கணினியை உருவாக்கிய ஃபெங்-ஷியுங் சூவும் கூட்டாளிகளும் 1980-களின் இறுதியில் முன்வைத்த ஒற்றை நகர்வு நீட்டிப்பு இன்னும் நுட்பமானது. ஹாஷ் அட்டவணை நகர்வை ஒதுக்கிவைத்து, மற்ற அனைத்தையும் பாதி ஆழத்துக்கு, அந்த நகர்வின் மதிப்பைவிடச் சற்றே தாழ்ந்த ஓர் எல்லையை வைத்துத் தேடுவது ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சின்களில் இன்றுள்ள வடிவம். ஒன்றுகூட அந்த எல்லையை எட்டாவிட்டால், அங்கே உருப்படியான வழி ஒன்றே உள்ளது என்று கொண்டு அந்த நகர்வை மட்டும் ஆழமாக்குகிறார்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். குறைப்பைச் சேர்த்ததும் நிரல் காட்டும் ஆழ எண் மளமளவென்று ஏறும். அதை வைத்து மகிழ்ந்துவிடக் கூடாது, ஏனெனில் அந்த ஆழம் எல்லா நகர்வுகளுக்கும் பொதுவானதல்ல. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒரே கால அளவில், பலவகைத் தொடக்க நிலைகளிலிருந்து, நிறம் மாற்றி, சில ஆயிரம் வேக ஆட்டங்கள் மோதவிட்டுப் பார்த்த பிறகே மாற்றத்தை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும்.