டிஷ்வாஷர் வேஸ்ட் லைன்: ஸ்பேனர் இல்லாமல் கழற்றிக் கழுவுகிற மாதிரி அமைப்பது எப்படி?

டிஷ்வாஷருக்குள் தண்ணீர் தேங்கி நின்றால் முதலில் பம்ப் மேல்தான் சந்தேகம் வரும். பெரும்பாலும் பம்ப் நன்றாகவே இருக்கும். பில்டரில் இட்லி மாவு அப்பியிருக்கும், இல்லையென்றால் சிங்க்குக்கு அடியில் டிராப்பில் (சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கக் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பகுதி) எண்ணெய்ப் பிசுக்கு உறைந்திருக்கும். இரண்டும் ஐந்து நிமிட வேலை. ஆனால் நம் வீடுகளில் வேஸ்ட் லைன் போட்டிருக்கிற லட்சணத்துக்கு, அந்த ஐந்து நிமிட வேலைக்கு இயந்திரத்தையே வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. அடைக்கிற இடமெல்லாம் கைக்கு எட்ட வேண்டும், கையாலேயே கழல வேண்டும். அந்தக் கணக்கில்தான் கீழே உள்ள படிகள்.

வாங்க வேண்டியவை

பக்கவாட்டில் நாசில் (டிஷ்வாஷர் ஹோஸை மாட்டும் மூக்கு) உள்ள 40 மி.மீ. பிளாஸ்டிக் பாட்டில் டிராப் (அடியில் திருகிக் கழற்றும் கிண்ணம் உள்ளது) ஒன்று, ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் இரண்டு, சாடில் கிளிப் (ஹோஸைச் சுவரோடு பிடிக்கும் வளைந்த பட்டை) மூன்று. பித்தளையில் குரோம் பூசிய 32 மி.மீ. டிராப்பைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். பார்க்க அழகுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் ஒரு வருடம் கிடந்தால் அதன் கிண்ணம் இறுகிவிடும், ரெஞ்ச் போட்டால்தான் அசையும். கதவுக்குப் பின்னால் யாரும் பார்க்காத இடத்துக்குப் பிளாஸ்டிக்கே மேல்.

நெளிநெளியான மெல்லிய வேஸ்ட் பைப் வேண்டவே வேண்டாம். டிஷ்வாஷர் சூடான புரோகிராமில் 65 முதல் 70 டிகிரி வரை தண்ணீரைக் காய்ச்சும். அந்தச் சூட்டில் அது தளர்ந்து நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் பிசுக்கு தங்கும், நெளிவு ஒவ்வொன்றிலும் கடுகு உட்காரும். டிராப்பிலிருந்து சுவர் வரை நேரான பிவிசி பைப்பே போடுங்கள்.

படி 1: டிராப்பை மாட்டுவது

பிளக்கைப் பிடுங்கி, ஆங்கிள் வால்வை (இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் குழாயின் வால்வு) மூடிவிட்டு ஆரம்பியுங்கள். ரப்பர் வாஷரின் தட்டையான பக்கம் நட்டைப் பார்த்தும், சரிவான பக்கம் இணைப்பைப் பார்த்தும் இருக்க வேண்டும். இங்கே டெஃப்லான் டேப் தேவையில்லை. தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், மரை இல்லை. கை இறுக்கமே போதும். கிண்ணத்துக்குக் கீழே ஒரு பழைய பாத்திரம் வைக்க 10 செ.மீ. இடமாவது விடுங்கள்.

நாசில், டிராப்பில் தேங்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். டிராப்பைத் தாண்டிய பைப்பில் இணைத்தால், சாக்கடை வாடை ஹோஸ் வழியாக நேராகப் பாத்திரங்களுக்குப் போகும்.

படி 2: நாசிலைத் திறப்பது

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பல டிராப்களில் நாசிலின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தகடால் மூடியே வரும், டிஷ்வாஷர் இல்லாத வீட்டிலும் அதே டிராப் பயன்பட வேண்டும் என்பதற்காக. வெளியே இருந்து பார்த்தால் ஓட்டை மாதிரியே தெரியும். அப்படியே ஹோஸை மாட்டினால் பம்ப் உறுமும், தண்ணீர் நகராது, பிழை எண் வரும் (பாஷ் இயந்திரங்களில் ஈ24). பிறகு பம்பை மாற்றச் செலவு.

குச்சியை விட்டுப் பாருங்கள். இடித்தால் தகடு இருக்கிறது. நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு நிறுத்திவிடாதீர்கள். நாசிலின் முழு உள் அகலத்துக்கும் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய விளிம்பில் விரலை வைத்தால் சிறாம்பு நெருடும். உருட்டிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அந்த ஒரு சிறாம்பில் கறிவேப்பிலைக் காம்பு மாட்டும், காம்பில் நார் சுற்றும், ஒரு மாதத்தில் தக்கை ரெடி. வெட்டிய துண்டு டிராப்புக்குள் விழுந்திருந்தால் எடுக்க மறக்காதீர்கள்.

படி 3: ஹோஸை மேலே தூக்கி வளைப்பது

ஹோஸ் தரையிலிருந்து நேராக நாசிலுக்குப் போகக் கூடாது. மேடைப் பலகையின் அடிப்பாகம் வரை ஏறி, அங்கே ஒரு வளைவு வளைந்து, பிறகு இறங்கி வர வேண்டும். இல்லையென்றால் சிங்க் அடைக்கும்போது அரிசி கழுவிய தண்ணீரெல்லாம் டிஷ்வாஷருக்குள் இறங்கும். இயந்திரத்துக்குள் ஒருவழி வால்வு இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் ஒரு மிளகாய் விதை மாட்டினால் போதும், இருவழி ஆகிவிடும்.

வளைவைச் சாடில் கிளிப்பால் பிடியுங்கள். கேபிள் டையை இறுக்கினால் ஹோஸ் நசுங்கும். நீளம் போதாவிட்டாலும் மொத்தம் 4 மீட்டருக்குள் முடியுங்கள். பம்ப் சின்னது, அதற்கு மேல் தள்ளத் திணறும். ஒட்டுப்போடும் இணைப்பு இயந்திரத்தின் முதுகுப் பக்கம் வேண்டாம், சிங்க் அலமாரிக்குள் இருக்கட்டும்.

படி 4: சோதனை

சிங்க்கை அடைத்து நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். டிஷ்வாஷர் கதவைத் திறந்து, உள்ளே புதிதாகத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்தால் வளைவின் உயரம் போதவில்லை. பிறகு எல்லா இணைப்புக்கும் அடியில் செய்தித்தாளை விரித்து ஒரு முறை ஓடவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாளில் விழும் ஈரப்பொட்டு காட்டிக்கொடுக்கும்.

சுத்தம்

வாரம் ஒரு முறை பில்டரைத் திருகி எடுத்துப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். மாவுப் பாத்திரத்தை அலசாமல் வைத்தால், வெந்நீரில் மாவு வெந்து கூழாகி வலையில் ஒட்டும். மாதம் ஒரு முறை டிராப் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கும் தூளை இயந்திரத்துக்குள் கொட்டவே கூடாது.

பின்சேர்க்கை 1: டிஷ்வாஷரை யூட்டிலிட்டியில் (சமையலறையை ஒட்டிய துவைக்கும் இடம்) வைத்திருப்பவர்கள் ஹோஸை நேராக நானி டிராப்புக்குள் (தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியில் இருக்கும் டிராப்) விட்டுவிடுகிறார்கள். முனை தாழ்வாக இருந்தால், இயந்திரத்துக்குள் வரும் தண்ணீர் நிரம்ப நிரம்ப ஹோஸ் வழியாகத் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியே ஓடிவிடும், இயந்திரம் நிரம்பவே நிரம்பாது. நானி டிராப்பின் மேல் 40 மி.மீ. பிவிசி பைப்பை 60 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தி, மேலிருந்து ஹோஸை 10 செ.மீ. மட்டும் உள்ளே விடுங்கள். சுற்றியுள்ள இடைவெளியை டேப் சுற்றி மூடாதீர்கள். காற்று போக வேண்டும். நானி டிராப்பிலேயே தண்ணீர் தடுப்பு இருப்பதால் இந்த லைனுக்குத் தனியாக பாட்டில் டிராப் வேண்டாம்.

பின்சேர்க்கை 2: சிங்க்குக்கு அடியில் கழிவு அரைக்கும் கருவி வைத்திருந்தால், அதில் டிஷ்வாஷர் ஹோஸுக்கான துளையும் மூடியே வரும். ஹோஸை மாட்டும் முன் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டி, விழுந்த அடைப்பானை இடுக்கியால் எடுத்துவிட்டுத்தான் கருவியை ஓட்ட வேண்டும்.