வசனம் எழுதுகிறவர்கள் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் படங்களைப் பார்க்கும் முறை

வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் கதை விவாதத்துக்கு வடபழனி, சாலிகிராமம் என்று தினமும் போய் வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எழுதிட்டே இருக்கேன்ணா, டைரக்‌ஷன் எப்போ?" எனக்குத் தெரிந்த நல்ல பதில் 1940-இல் இருக்கிறது. ஹாலிவுட்டில் பல வருஷம் மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்து, தன் வசனத்தை அவர்கள் எடுக்கிற விதம் பிடிக்காமல் வெந்துகொண்டிருந்த பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ், ஒரு திரைக்கதையை பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்கு வெறும் 10 டாலருக்குக் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று, நான்தான் இயக்குவேன். அந்தப் படம் 'தி கிரேட் மெக்ஜின்டி'. அசல் திரைக்கதைக்கு என்று ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கியபோது முதல் விருது அதற்குத்தான் போனது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஜான் ஹூஸ்டன், பில்லி வைல்டர் என்று எழுத்தாளர்கள் ஹாலிவுட்டில் இயக்குநர் நாற்காலிக்கு வந்தார்கள்.

அதனால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். கதாநாயகன் ஒரு நாடோடி, ஒரு ஓட்டுக்கு 2 டாலர் என்று 37 கள்ள ஓட்டு போடுகிறான், அந்தத் திறமையைப் பார்த்தே கட்சிக்காரர்கள் அவனை வளர்த்து கவர்னர் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். நம் ஏரியாவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாவது தடவை நோட்டும் பேனாவும் வேண்டும், ஆங்கில சப்டைட்டிலும் வேண்டும், ஏனென்றால் அவர் ஆட்கள் பேசுகிற வேகத்துக்குக் காது மட்டும் போதாது. நோட்டில் ஹீரோவின் வசனத்தை எழுதாதீர்கள். பார்மேன், டிரைவர், வேலைக்காரர், ஓரமாக நிற்கிற ஆள் பேசுவதை மட்டும் எழுதுங்கள். ஸ்டர்ஜஸ் படத்தில் சும்மா வந்து போகிற ஆள் கிடையாது, ஒரு வரிதான் பேசுவான், அந்த வரியிலேயே அவன் குடும்பம் வரைக்கும் தெரிந்துவிடும். வில்லியம் டெமரெஸ்ட் மாதிரி நடிகர்களைப் படத்துக்குப் படம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், அந்தக் குரல்களை மனதில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்.

அடுத்தது 'தி லேடி ஈவ்', 1941. சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிற பார்பரா ஸ்டான்விக்கைக் கப்பலில் காதலித்து, உண்மை தெரிந்து விலகிவிடுகிறார் ஹென்றி ஃபோண்டா. அப்புறம் அதே பெண் வேறு பெயரில், பணக்காரச் சீமாட்டியாக அவர் வீட்டுக்கே வருகிறாள். நாமாக இருந்தால் ஒரு மச்சமாவது ஒட்டியிருப்போம். ஸ்டர்ஜஸ் எதையும் மாற்றவில்லை. இவ்வளவு அச்சாக இருந்தால் இவள் அவளாக இருக்க முடியாது என்று ஃபோண்டாவே முடிவு செய்துகொள்கிறார்! கதையில் ஓட்டை என்று யாரும் கேட்கப்போகிற இடத்தை அந்தப் பாத்திரத்தின் குணமாகவே மாற்றிவிட்டார். அந்தக் காட்சியை மூன்று தடவையாவது பாருங்கள்.

'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்' படத்தை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். நகைச்சுவைப் படம் எடுத்துப் பணம் சேர்த்த ஓர் இயக்குநர், இனி ஏழைகளின் துயரத்தைத்தான் எடுப்பேன் என்று கிழிந்த கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். அவர் வீட்டு வேலைக்காரர் சொல்கிறார், வறுமை என்னவென்று ஏழைக்குத் தெரியும், அதைக் கவர்ச்சியாகப் பார்ப்பது வசதியானவர்கள்தான் என்று. அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் கேமராவோடு வந்து இறங்கி, கத்தியையும் கஞ்சாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கடைசியில் சல்லிவன் கைதியாகி, காலில் சங்கிலியோடு கருப்பின மக்களின் சிறிய தேவாலயத்தில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்து, தன்னையும் அறியாமல் சிரித்துவிடுகிறார். நம் தெருக்களைப் பற்றி எழுதுகிறவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தன் ஸ்கிரிப்டைத் திறந்து, இதில் நம் ஆட்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

இனி பயிற்சி. ஸ்டர்ஜஸ் உட்கார்ந்து எழுதியவர் இல்லை, அறைக்குள் நடந்துகொண்டே எல்லாப் பாத்திரமாகவும் தானே நடித்துப் பேசுவார், செக்ரட்டரி எழுதிக்கொள்வார். உங்களிடம் போன் இருக்கிறது. விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள், ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஆனால் விலை யாருக்கும் தப்பாது. வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் நின்று அந்த ஐந்து பேராகவும் பேசிப் பதிவு செய்யுங்கள், அப்புறம்தான் காகிதம். நான் மேஜையில் உட்கார்ந்து நான்கு நாள் எழுதிய ஒரு காட்சியை இப்படிப் பேசிப் பார்த்ததில் பாதி வசனம் தானாக உதிர்ந்தது.

அவர் சறுக்கியதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1940 முதல் 1944 வரை எட்டுப் படம் வெளிவந்தது. 1944-இல் வந்த இரண்டு படங்களுக்கு ஒரே ஆண்டில் ஆஸ்கர் திரைக்கதைப் பரிந்துரை. அதே 1944-இல், ஈதர் மயக்க மருந்து பற்றிய படத்தை ஸ்டுடியோ வெட்டி மாற்றி வெளியிட்டது, அதற்குள் அவரும் பாரமவுண்டை விட்டுவிட்டிருந்தார். அப்புறம் கோடீஸ்வரத் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸோடு கூட்டு, அதுவும் நிலைக்கவில்லை. 1955-இல் பிரான்சில் எடுத்ததுதான் கடைசிப் படம், 1959-இல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தபோது இறந்தார். பின்னால் வந்த படங்களில் ஒன்று மட்டும் பாருங்கள் என்றால் 1948-இல் வந்த 'அன்ஃபெய்த்ஃபுலி யுவர்ஸ்'. மனைவியைச் சந்தேகப்படுகிற இசை நடத்துநர் ஒருவர், மேடையில் ஒவ்வொரு இசைக்கும் ஒவ்வொரு விதமாக, பழிவாங்குவதிலிருந்து மன்னிப்பது வரைக்கும் கற்பனை செய்கிறார், வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தால் எல்லாம் கைதவறுகிறது. இதை மட்டும் முதல் தடவையே ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.