கிட்னி வடிவம் மாறாமல் உள்ளே வளரும் கட்டி: சி.டி.யில் பிடிப்பது எப்படி?

எழுபதைத் தாண்டியவர், சிறுநீரில் ரத்தம், அல்ட்ராசவுண்டில் "கிட்னி சற்றுப் பெரிது, கட்டி தெளிவாக இல்லை" என்று ரிப்போர்ட். இப்படி ஒருவர் வந்தால் அவசரப்படாதீர்கள். வழக்கமான க்ளியர் செல் புற்றுநோய் கிட்னியின் வெளிப்பகுதியான கார்டெக்ஸில் உருண்டையாகப் புடைத்து நிற்கும், கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) ஏறியதும் பளிச்சென்று தெரியும். மிக அரிதான கலெக்டிங் டக்ட் கார்சினோமா (சிறுநீரைச் சேகரிக்கும் நுண்குழாயில் வரும் புற்றுநோய்) அப்படியில்லை, உள்பகுதியான மெடுல்லாவில் தொடங்கி சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவிப் பரவும். வெளிக்கோடு பெரும்பாலும் அப்படியே இருப்பதால் கண் ஏமாந்துவிடும்.

கான்ட்ராஸ்ட் கொடுக்கும் முன் இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு) பாருங்கள். 30க்குக் கீழே என்றால் சிறுநீரக மருத்துவரிடம் பேசிவிட்டு சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா என்று முடிவெடுக்கலாம்.

சரி, சி.டி. என்றால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ப்ளெயின், கான்ட்ராஸ்ட் ஏற்றிய பிறகு 30-40 விநாடி, 90-100 விநாடி, அப்புறம் எட்டுப் பத்து நிமிடம் கழித்து ஒன்று. 30-40 விநாடிப் படத்தில் மெடுல்லாவே இயல்பாகக் கறுப்பாகத்தான் இருக்கும், அதற்குள் இருக்கும் கட்டி கண்ணில் படாது. 100 விநாடியில் கிட்னி முழுக்க ஒரே சீராக வெளுக்கும்போதுதான் கரை தெளியாத, மங்கலான ஒரு திட்டு மட்டும் தனியாகப் பின்தங்கி நிற்கும். ப்ளெயினில் அளந்த அதே இடத்தில் திரும்ப அளந்து பாருங்கள், 20 ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட்டுக்கு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) மேல் கூடியிருந்தால் அது உயிருள்ள திசு.

கடைசிப் படத்தை நேரமில்லை என்று விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது, வயதானவர்களிடம் அது கூடவே கூடாது. அதில் கிட்னியில் சிறுநீர் வந்து சேரும் பெல்விஸுக்குள் கான்ட்ராஸ்ட் நிரம்பாத இடம் தெரிந்தால் யூரோதீலியல் கார்சினோமாவைத்தான் (சிறுநீர்ப் பாதையின் உட்சுவரில் வரும் புற்றுநோய்) முதலில் நினைக்க வேண்டும், இந்த வயதில், அதுவும் புகைப்பவர்களிடம், கலெக்டிங் டக்டைவிட அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இரண்டு கிட்னியிலும் ஒரே சீரான கட்டிகள், ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டும் அதை அடைக்காமல் இருந்தால் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்). ஆப்பு வடிவத்தில் கறுத்து, ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு மிஞ்சியிருந்தால் இன்ஃபார்க்ட் (ரத்த ஓட்டம் அடைபட்டு இறந்த திசு), கட்டியை உண்டாக்கி அனுப்பக்கூடிய ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு இ.சி.ஜி.யில் இருக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரை நோய், பெரிய கல், காய்ச்சல் எல்லாம் சேர்ந்திருந்தால் நாள்பட்ட தொற்றாகவும் இருக்கலாம்.

படத்தை மட்டும் வைத்து ரிப்போர்ட்டில் "கலெக்டிங் டக்ட்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். "மெடுல்லாவை மையமாகக் கொண்ட ஊடுருவும் கட்டி, அறுவைக்கு முன் பயாப்ஸியும் யூரின் சைட்டாலஜியும் (சிறுநீரில் உள்ள செல்களின் பரிசோதனை) தேவை" என்று எழுதுங்கள். யூரோதீலியல் என்றால் யூரேட்டரையும் (சிறுநீர்க் குழாய்) சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், லிம்ஃபோமா என்றால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கலெக்டிங் டக்ட் புற்றுநோய் பிடிபடும்போதே பலரிடம் பரவியிருக்கும், அதனால் நெஞ்சு சி.டி.யையும் அப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள்.