உபுண்டு விஎம்மில் கெஸ்ட் அடிஷன்ஸ்: வரிசை தப்பாமல் நிறுவுவது

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விஎம்மை, ஓட்டும் மென்பொருள்) உபுண்டுவைப் போட்டதும் ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் டெஸ்க்டாப் சின்னதாகவே நிற்கிறதா? வெளியே காப்பி செய்ததை உள்ளே பேஸ்ட் செய்ய முடியவில்லையா? இரண்டுக்கும் கெஸ்ட் அடிஷன்ஸ் வேண்டும்: விர்ச்சுவல்பாக்ஸ் ஒரு சிடி இமேஜாகத் தரும், விஎம்முக்குள் நிறுவ வேண்டிய துணை மென்பொருள்.

அந்த சிடியில் இருக்கும் கர்னல் மாட்யூல்கள் (இயங்குதளத்தின் மையமான கர்னலோடு சேரும் துண்டு நிரல்கள்) ரெடிமேட் அல்ல. சோர்ஸ் கோடாக வந்து, உங்கள் விஎம்மில் அப்போது ஓடும் கர்னலுக்கு ஏற்றபடி அங்கேயே கம்பைல் ஆகும். அதற்கு ஜிசிசி, மேக் என்ற கம்பைல் கருவிகளும், அதே கர்னலின் ஹெடர்களும் (கம்பைலுக்கு வேண்டிய கர்னல் விவரக் கோப்புகள்) தேவை. பலர் வழுக்குவது அந்த 'அதே'யில்தான். அப்டேட்டில் புதிய கர்னல் வந்திருக்கும், ரீஸ்டார்ட் செய்யாததால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நிறுவினால், இருக்கும் ஹெடர் ஒன்று, ஓடும் கர்னல் வேறொன்று என்று ஆகிவிடலாம்.

அதனால் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் (விஎம்மின் இப்போதைய நிலையைத் திரும்பி வரும்படி சேமிப்பது). பிறகு டெர்மினலில் 'சூடோ ஆப்ட் அப்டேட்', 'சூடோ ஆப்ட் அப்கிரேட்'. உடனே ரீஸ்டார்ட், இதைத் தள்ளிப்போட வேண்டாம். திரும்பி வந்ததும் 'யுனேம் -ஆர்' கொடுத்தால் ஓடும் கர்னலின் எண் வரும். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளையில் பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், லினக்ஸ்-ஹெடர்ஸ் மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதன் பெயரோடு, ஒரு ஹைஃபன் போட்டு, அந்த எண்ணை அப்படியே ஒட்ட வேண்டும்.

இனி விஎம் ஜன்னலின் டிவைசஸ் மெனுவில் இருக்கும் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்'. சிடி திறந்ததும் அதற்குள் டெர்மினலைத் திறந்து, 'சூடோ எஸ்ஹெச்' என்று தட்டி, விபாக்ஸ்லினக்ஸ்அடிஷன்ஸ் டாட் ரன் கோப்பின் பெயரைக் கொடுங்கள். எஸ்ஹெச் எதற்கு? சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) சிடி, கோப்பை நேரடியாக ஓட்ட விடாத நோஎக்ஸெக் அமைப்பில் மவுன்ட் ஆகும். கோப்பை நேரடியாக ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்' என்று முகத்தில் அடிக்கும். முடிந்ததும் மறுபடி ரீஸ்டார்ட்.

சரியாக நிறுவப்பட்டதா என்று பார்க்கப் பலர் லோட் ஆன மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் ஓட்டி, கெஸ்ட் அடிஷன்ஸின் மாட்யூலான விபாக்ஸ்கெஸ்ட் பெயர் தெரிந்தால் திருப்தி அடைவார்கள். அது போதாது. 2018-இல் வந்த 4.16 பதிப்பு முதல் அந்த மாட்யூல் லினக்ஸ் கர்னலோடேயே வருகிறது. நீங்கள் எதையும் நிறுவாவிட்டாலும் பட்டியலில் இருக்கலாம். 'மாட்இன்ஃபோ விபாக்ஸ்கெஸ்ட்' கொடுத்து முதல் வரியைப் பாருங்கள்: பாதையில் 'மிஸ்க்' என்று இருந்தால் உங்களுடையது, 'டிரைவர்ஸ்/விர்ட்' என்று இருந்தால் கர்னலோடு வந்தது.

மாட்யூல் லோட் ஆகாவிட்டால் வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் விபாக்ஸ்ஆட்-செட்டப் டாட் லாக் கோப்பைப் படியுங்கள். கம்பைல் சுத்தமாக முடிந்தும் லோட் ஆகவில்லை என்றால் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். கையொப்பம் இல்லாத மாட்யூலை அது உள்ளே விடாது. சோதனைக்கான விஎம் என்றால் செட்டிங்ஸில் அதை அணைப்பதே எளிது.

திரை இன்னும் சின்னதாகவே இருந்தால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ என்று இருக்கிறதா, வீடியோ மெமரி 128 எம்பி இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப்போர்டு தானாக இயங்காது. டிவைசஸ் மெனுவில் ஷேர்ட் கிளிப்போர்டை 'பைடைரக்‌ஷனல்' ஆக்க வேண்டும்.

ஷேர்ட் ஃபோல்டரை ஆட்டோ-மவுன்ட் செய்தால் மீடியா ஃபோல்டருக்குள் 'எஸ்எஃப்_' என்று தொடங்கும் பெயரில் வரும். அதைத் திறக்க உங்கள் யூசர் விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் இருக்க வேண்டும்: 'சூடோ யூசர்மாட் -ஏஜி விபாக்ஸ்எஸ்எஃப்', அடுத்து யூசர் பெயர். அந்த 'ஏ'வை விட்டுவிட்டால் மற்ற கூடுதல் குழுக்களிலிருந்து, சூடோ உட்பட, உங்களை வெளியே தள்ளிவிடும். ஸ்னாப்ஷாட் எதற்கு என்று அப்போது புரியும். குழு மாற்றம் செல்லுபடியாக ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள்.

ஆப்ட் வழியாகவே விர்ச்சுவல்பாக்ஸ்-கெஸ்ட்-யூடில்ஸ் என்ற தொகுப்பும் கிடைக்கும். அதையும் சிடியையும் ஒரே விஎம்மில் கலக்காதீர்கள். ஒன்றின் கோப்பை மற்றது மிதிக்கும். பின்னொரு நாள் கர்னல் மாறித் திரை மறுபடி சுருங்கினால், புதிய கர்னலுக்கான ஹெடரைப் போட்டு 'சூடோ ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப்' ஓட்டுங்கள்.