வளவுக்குள் ஜாம்பி: செட்டிநாட்டு வீட்டை 1.6 மேப்பாகக் கட்டுவது எப்படி

அப்பா பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் சாவிக்கொத்து எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். வாரம் ஒருமுறை போய் வளவை (நடுமுற்றத்தை) பெருக்கி, அறைகளைத் திறந்து காற்றாட விட்டுப் பூட்டிவிட்டு வருவது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வேலை. அந்த வீட்டைத்தான் கவுன்டர் ஸ்டிரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத்துக்கு ஜாம்பி மேப்பாக, அதாவது ஆட்டம் நடக்கும் களமாகக் கட்டினேன். ஏழு மாதம் பிடித்தது. நான் எங்கெங்கே நாள்களை வீணாக்கினேன் என்று தெரிந்துகொண்டால் நீங்கள் இரண்டே மாதத்தில் கட்டிவிடலாம்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஜாம்பி பிளேக் என்பது ஆட்டத்தின் விதிகளை மாற்ற ரசிகர்கள் எழுதிய மோட். ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் என்ற கூடுதல் மென்பொருள் போட்ட சர்வரில் ஓடும். வழக்கமான டெரரிஸ்ட், சிடி (கவுன்டர் டெரரிஸ்ட்) சண்டை இதில் கிடையாது. ரவுண்டு தொடங்கிச் சில விநாடிகளில் யாராவது ஒருவர் ஜாம்பி ஆவார். அவரிடம் துப்பாக்கி இல்லை, நகம் மட்டும்தான். அவர் கீறினால் நீங்களும் ஜாம்பி. கவசம் போட்டிருந்தால் முதலில் அது தேயும், அப்புறம்தான் தொற்றும். கடைசியாக மிஞ்சும் மனிதரை மாற்ற முடியாது, கொன்றாக வேண்டும். குண்டு பட்டால் ஜாம்பி பின்னால் தள்ளப்படும். மேப் கட்டுகிறவர் மறக்கக் கூடாதது இதுதான். தள்ளிவிட நீளம் இருக்கிற நேர்வழி மனிதனுக்குச் சாதகம். மூலை, மாடி, கூரை எல்லாம் ஜாம்பிக்குச் சாதகம்.

செட்டிநாட்டு வீட்டில் இரண்டுமே இருக்கின்றன. முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் ஒரே கோட்டில் தெரியும். நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். ஜாம்பி ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் எனக்குத் தெரியாது.

அளவெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். டேப்பும் ஒரு நோட்டும் போதும். 1.6-இல் நீளத்தை அளப்பது யூனிட்டில், ஒரு யூனிட்டை ஓர் அங்குலமாக எடுத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர் நின்றால் 72 யூனிட் உயரம், 32 அகலம். குனிந்தால் 36 உயரம். 18 யூனிட் வரை படியில் தானாகவே ஏறுவார். சாதாரணமாகக் குதித்தால் 45 யூனிட் மேடை வரை ஏறலாம், குதித்துக்கொண்டே காலை மடக்கினால் 63 வரை. இந்த ஐந்தாறு எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் எதை அளந்தாலும் இதோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

ஓர் அறைக் கதவின் நிலையை அளந்தபோது உயரம் ஐந்தரை அடி இருந்தது. அதாவது 66 யூனிட். நிமிர்ந்து போனால் ஆட்டக்காரர் தலை இடித்து நின்றுவிடுவார், குனிந்துதான் நுழைய முடியும். நிஜ வீட்டிலும் அப்படித்தான், எல்லோரும் தலை தாழ்த்தித்தான் அந்த அறைக்குள் போவோம். எல்லாக் கதவையும் அந்த அளவில் வைத்தால் ஆட்டம் மூச்சு முட்டும். அதனால் மற்றவற்றை 88-க்கு உயர்த்திவிட்டு, மேற்குத் தாழ்வாரத்தில் ஒரே ஓர் அறையை மட்டும் 66-இல் விட்டேன். உள்ளே பதுங்கும் மனிதன் அவசரமாக வெளியே ஓட முடியாது. துரத்தி வரும் ஜாம்பியும் குனிந்து மெதுவாகத்தான் வரும். மேப்பில் அதிகம் பேசப்படும் இடம் அந்த அறைதான்.

மேப் வரையும் மென்பொருளான ஹேமர் எடிட்டரில் சுவர் எழுப்புவது கஷ்டமில்லை. பழக ஒரு வாரம் போதும், அதை விட்டுவிடுகிறேன். தவறு நடப்பது வளவில். மேப் எந்தப் பக்கமும் ஓட்டை இல்லாமல் மூடியிருக்க வேண்டும். வளவுக்கோ கூரை கிடையாது. நான் என்ன செய்தேன் என்றால், முழு வீட்டையும் ஒரு பெரிய வானப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். கம்பைல், அதாவது வரைந்ததை ஆடக்கூடிய மேப்பாக மாற்றும் வேலை, ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் பார்த்தால் அதில் 'விஸ்' என்ற கட்டம் பாதியில் நிற்கிறது. காரணம் எளிது: யாருமே போகாத வெளிச்சுவர், ஓட்டின் மேல்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து எங்கிருந்து எது தெரியும் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டி போடாதீர்கள். வளவுக்கு மேலே, ஓட்டுச் சரிவு முடியும் உயரத்தில், 'ஸ்கை' டெக்ஸ்சர் (வானமாகத் தெரியும் மேற்பரப்புப் படம்) பூசிய ஒரே ஒரு பலகையை மூடியாக வையுங்கள். அதன் ஓரங்கள் சுவரோடு இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். மாற்றியபின் எனக்கு அதே கம்பைல் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்தது.

தாழ்வாரத் தூண்களை 'ஃபங்க் வால்' என்டிட்டியாக, அதாவது சுவரோடு சேராத தனிப் பொருளாக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் ஒவ்வொரு தூணும் பக்கத்துத் தரையையும் சுவரையும் துண்டு துண்டாக வெட்டும்.

முன்வாசல் முதல் பின்வாசல் வரையான அந்த நேர்கோடு ஆட்டத்தை ஓட்டும் என்ஜினுக்குப் பாரம்தான். நான்கு கட்டும் ஒரே பார்வையில் விழுவதால் எல்லாவற்றையும் ஒன்றாக வரைய வேண்டும். நடுவே குறுக்குச் சுவர் வைத்து வழியை வளைத்துவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் வளைக்கவில்லை. வளைத்தால் அது எந்த ஊர் வீடாகவும் இருக்கலாம், செட்டிநாட்டு வீடாக இருக்காது. அதற்குப் பதில் இரண்டாம், மூன்றாம் கட்டுகளில் அலங்காரத்தைக் குறைத்தேன். விட்டத்துச் செதுக்கலைக்கூடப் பலகையாகக் கட்டாமல் படமாகவே ஒட்டினேன்.

தரைக்கு வருவோம். செட்டிநாட்டுப் பூவேலைத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல் இல்லாமல் இந்த மேப்பைக் கட்டுவதில் அர்த்தமில்லை. மதியம் வளவு வெளிச்சம் சாய்வாக விழாத நேரத்தில், நேர் மேலிருந்து ஒரு கல்லைப் படம் எடுங்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு எடுத்தால் சிவப்பும் பச்சையும் நன்றாக எழும். ஆனால் காயும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் பளபளப்பு வெள்ளைத் திட்டாக விழும். படத்தை 32 பிக்சலுக்குச் சுருக்கி, நான்குக்கு நான்காகப் பதினாறு கல் சேர்த்து 128 பிக்சல் சதுரமாக்குங்கள். 256 நிறத்துக்குள் அடக்கி, வாலி என்ற மென்பொருளில் வாட் கோப்பாக (டெக்ஸ்சர் தொகுப்பாக) சேமிக்கலாம். எடிட்டரில் படத்தின் அளவைச் சொல்லும் ஸ்கேல் 1-ஐத் தொடாதீர்கள். கல் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறதே என்று நான் ஸ்கேலைக் குறைத்துப் பார்த்தேன். என்ஜின் தரையை இன்னும் பொடிப்பொடியாக நறுக்கியது, ஆட்டம் இழுத்தது. பெரிதாகவே இருக்கட்டும், ஓடுகிறவன் கண்ணிலும் நடுவில் உள்ள பூ பட்டுவிடும்.

வெளிச்சத்தில் ஒரு கண்ணி இருக்கிறது, எனக்கு ஒரு வாரம் போனது. வளவில் நிலா வெளிச்சம் விழ வேண்டும், தாழ்வாரம் இருட்டாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து விளக்கு வைத்தேன். சர்வரில் போட்டால் எல்லாம் ஒரே கும்மிருட்டு! மேப்பில் தவறு இல்லை. ஜாம்பி பிளேக் தன் பங்குக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிறது. அமைப்புக் கோப்பில் வெளிச்சத்துக்கான வரியில் 'ஏ' என்று இருக்கும், அதுதான் மிக இருட்டு. அதைச் சுழியமாக மாற்றினால் மோட் தலையிடாது, நீங்கள் வைத்த நிலா அப்படியே நிற்கும்.

இப்போது ஜாம்பியின் பக்கம். நேர்வழியை மட்டும் விட்டால், முகப்பில் நான்கு பேர் வரிசையாக நின்று சுட்டே ரவுண்டை முடித்துவிடுவார்கள். எங்கள் முதல் பொங்கல் ஆட்டத்தில் அதுதான் நடந்தது. வீட்டுக்காரர் பேரப்பிள்ளைகள் எட்டுப் பேர் லேப்டாப்போடு முகப்பில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு சுவிட்சில் எல்லோரையும் இணைத்திருந்தேன். மூன்று ரவுண்டும் மனிதர்களே ஜெயித்தார்கள். நான்காவது ரவுண்டில் பாதிப் பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். ஜாம்பி ஜெயிக்க வழியில்லாத மேப்பை யாரும் தொடர்ந்து ஆட மாட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரியே கூரையைத் திறந்துவிட்டேன். பின்கட்டில் ஒரு சுவரை 72 யூனிட் உயரத்தில் நிறுத்தி, அதிலிருந்து ஓட்டுச் சரிவு வழியாக வளவுக்குள் குதிக்க வழி வைத்தேன். 72 ஏன் என்றால், மனிதனும் சாதாரண ஜாம்பியும் 63-க்கு மேல் ஏற முடியாது. மோடில் பாய்சன் ஜாம்பி என்று ஒரு வகை உண்டு. அதற்கு ஈர்ப்பு முக்கால் பங்குதான், குதித்துக் காலை மடக்கினால் 78 வரை எட்டும். உடம்பில் வலு குறைவு, ஆனால் அந்தச் சுவரை அது தாண்டிவிடும். முகப்பில் வரிசை கட்டி நிற்கிறவர்கள் இனி முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வளவு மூலைகளில் மழைத் தண்ணீர் பிடிக்கும் அண்டாக்களையும் வைத்தேன், குதிக்கும் ஜாம்பி குண்டுக்கு மறைய ஏதாவது வேண்டுமே.

அறைக் கதவுகளை 'ஃபங்க் பிரேக்கபிள்' என்ற உடையும் பொருளாக ஆக்குங்கள். உடையாத கதவுக்குப் பின்னால் ஒருவன் பூட்டிக்கொண்டால் ரவுண்டு நகராது. ஆட்டக்காரர் தோன்றும் புள்ளிகளை இரண்டு பக்கத்துக்கும் பதினாறு பதினாறாக வீடு முழுக்கப் பரப்பி வையுங்கள். யார் ஜாம்பி ஆவார் என்று முன்கூட்டியே தெரியாததால் ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது.

ஒரு கதவை மட்டும் நான் உடைய விடவில்லை. சாமி வீட்டை (பூஜை அறையை) அளக்கப் போனபோது பெரிய ஆச்சி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏந்தம்பி, அதையுமா அளக்குறே?”

“விளையாட்டுல நம்ம வீட்டை வரையுறேங்க ஆச்சி. அதான் எல்லா அறையையும்…”

“அளந்துக்கோ. ஆனா அதுக்குள்ள அதுகளை விட்டுறாதே.”

பேரன்கள் ஆடுவதை ஆச்சி பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் வெறும் சுவர் எழுப்பி, நிஜக் கதவின் படத்தை ஒட்டினேன். நிலையின் மேலே செதுக்கிய லட்சுமி வரை படத்தில் தெரியும். திறக்காது, உடையாது. ஜாம்பிகள் அந்தப் பக்கம் ஓடி வந்து திரும்பிப் போகும்.

கடைசி கம்பைலில் அதன் முதல் கட்டமான 'சிஎஸ்ஜி'யிடம் உங்கள் வாட் கோப்பையும் மேப்புக்குள்ளேயே சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் கணினியில் மட்டும் ஆத்தங்குடிக் கல் தெரியும், சேர வருகிற மற்றவர்களுக்கு வாட் கோப்பு இல்லை என்று பிழை காட்டி வெளியே தள்ளிவிடும். கம்பைலில் கிடைக்கும் பிஎஸ்பி கோப்பை 'மேப்ஸ்' அடைவில் போட்டு, மேப் வரிசையில் பெயரைச் சேர்த்துவிட்டால் சர்வர் எடுத்துக்கொள்ளும். ஆறு பேராவது சேர்ந்து ஆடிப் பார்த்துவிட்டு, எந்த மூலையில் எல்லோரும் போய் ஒண்டுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வடக்குத் தாழ்வாரத்து ஜன்னல் திட்டு. அடுத்த பதிப்பில் அதன் பின்சுவரில் ஒரு பொந்து வைக்கப் போகிறேன்.