ஹேண்டில்பார் ஆட்டம்: காரணத்தைக் கண்டறியும் வரிசை

மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பார் இடமும் வலமுமாகத் துடித்தால் கோளாறு முன்பக்கத்தில்தான் என்று முடிவுகட்டி, முதல் வேலையாகக் கோன் செட்டை (ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் திரும்ப உதவும் கழுத்துப் பேரிங்குகளை) மாற்றிவிடுகிறவர்கள் பலர். ஆட்டம் கைக்குத் தெரிவது முன்னால் என்றாலும், அதைக் கிளப்பிவிடும் காரணம் பின்சக்கரத்திலோ, கட்டியிருக்கும் சுமையிலோ, டயரின் காற்றிலோ இருக்கலாம். ஆகவே காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, ஸ்பேனர் எடுக்க வேண்டிய வேலைகளைப் பிறகு தொடங்குவதே முறை.

அதற்கும் முன்னால், அது உண்மையிலேயே வண்டியின் ஆட்டம்தானா என்று பார்க்க வேண்டும். பாம்பன் சாலைப் பாலத்தில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் வண்டி முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளப்படும். அது காற்றின் வேலை. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை செல்லும் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் முன்டயர் வழுக்கி அலையும். அது மணலின் வேலை. காற்றும் மணலும் இல்லாத நேரான தார்ச்சாலையிலும், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஹேண்டில்பார் நொடிக்குப் பல முறை மாறி மாறித் துடித்தால் மட்டுமே வண்டியைச் சந்தேகிக்க வேண்டும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆளரவமற்ற நேர்ப்பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலைக்கவசத்துடன் 70 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு வேகம் குறைவதைக் கவனிக்கலாம். பிடியைச் சற்றுத் தளர்த்தினால் போதும். கைகளை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்; அதை யாரும் செய்யக் கூடாது.

17 அங்குல ரிம் உள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் உருள்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒன்பது முறை அளவில் சுழலும். முன்பக்க அமைப்பு தானாக ஆடத் துடிக்கும் வேகமும் கிட்டத்தட்ட இதுவே என்பதால், சக்கரத்திலுள்ள சிறு கோணலும் 50 முதல் 70 வரையிலான வேகத்தில் பெரிய ஆட்டமாகத் தெரிகிறது. ஓடும்போது திடீரென ஆட்டம் வந்தால் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டக் கூடாது. முன்பிரேக்கை அழுத்தவும் கூடாது. முழங்கால்களால் டேங்கை இறுக்கி, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நம் ராமநாதபுரக் கரையில் முதலில் பார்க்க வேண்டியது சுமையை. மீனும் பனிக்கட்டியும் நிரப்பிய பெட்டியைப் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உயரமாகக் கட்டினால், முன்சக்கரத்தின் மேலிருக்கும் எடை குறைந்து ஹேண்டில்பார் இலகுவாகிவிடும். ஹேண்டில்பாரிலேயே பை தொங்கினால் இன்னும் மோசம். எனவே சுமையை முழுவதும் இறக்கிவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பெட்டியைத் தாழ்த்தி, முன்னோக்கி நகர்த்திக் கட்டுவதே மருந்து.

அடுத்தது டயர். செயின் கவரிலோ அதன் அருகிலோ ஒட்டியிருக்கும் அளவின்படி, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபார்க்க வேண்டும். 100 முதல் 125 சி.சி. வரையிலான பல வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 25 பி.எஸ்.ஐ. என்று இருக்கும். டயரின் மேல் உள்ளங்கையைத் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் காற்று அடிப்பதால் மட்டும் அது தீராது. பஞ்சர் ஒட்டிய மறுநாள் ஆட்டம் தொடங்கியிருந்தால், ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓரிடத்தில் அது உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை.

சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி அதன் முனையை ரிம்முக்கு மிக அருகில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கோட்டம் தெரிந்துவிடும். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் ரிம்முக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பேனரால் தட்டும்போது தளர்ந்த கம்பி மந்தமான ஓசையால் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சக்கரம் உயர்ந்திருக்கும்போதே கோன் செட்டையும் சோதிக்கலாம். ஃபோர்க்கின் அடிப்பகுதிகளை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசைக்கும்போது, மற்றொருவர் கோன் செட்டின் இணைப்பில் விரல் வைத்திருக்க, அங்கே டக் என்ற அசைவு தட்டுப்பட்டால் அது தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் மட்டும் சிக்கி நின்றால் பேரிங் ஓடும் பாதையில் குழி விழுந்திருக்கிறது. அதை இறுக்கிப் பயனில்லை, முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டும். தேவைக்கு மேல் இறுக்கினாலும் கேடுதான்: மெதுவான வேகத்தில் வண்டி நேராகப் போகாமல் அலையும்.

பின்சக்கரத்தை மேல்விளிம்பில் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தால், வீல் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை) புஷ் தேய்ந்திருப்பது கைக்குத் தெரியும். அலைன்மென்ட், அதாவது இரு சக்கரங்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க நைலான் வலை நூலே போதும். பின்டயரின் பின்புறத்தில் நூலைச் சுற்றி, இரு முனைகளையும் அச்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே, பின்டயரின் முன்விளிம்பைத் தொடும்படி முன்னால் இழுத்துப் பிடியுங்கள். நேராக நிறுத்திய முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால், செயினை இறுக்கியபோது பின் அச்சு ஒரு பக்கம் கூடுதலாக இழுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இவற்றில் எதைச் சரிசெய்தாலும், ஒன்றை முடித்து ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததில் கைவைக்க வேண்டும். உப்புக் காற்றில் நிற்கும் வண்டிக்கு, கோன் செட்டைக் கழற்றும்போதெல்லாம் நீர் புகாத கிரீஸை நிறைய வைக்கச் சொல்லுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். ஆனால் அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பேரிங்குகளின் பக்கம் காட்டாதீர்கள்.